கேலி முறைக்காரன்

முந்நூறு பேர் பார்க்க, மந்திரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, தன் கம்பெனியின் மானத்தைத் தானே ஆளுயரத் திரையில் ஏற்றிக் காட்டினார் வெரெனிக்கி. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் செய்த வேறெந்த வேலையும் இத்தனை பேர் கண்ணில் பட்டதில்லை.

மே மாதம், பசிபிக் தீவுநாட்டுத் தலைநகர் சுவாவில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறை மண்டபம். டோமோ கம்பெனியின் அதிவேக இணையம் வெளித்தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதற்கு விழா. மேடையிலிருந்து ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தை வீடியோவில் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் கையசைப்பார்கள், மந்திரியும் பதிலுக்குக் கையசைப்பார். அதற்கென்றே மூன்று நாள் ஒத்திகை பார்த்த கைபேசி ஒன்று மேசைமேல் தயாராக இருந்தது. வெரெனிக்கி நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவர். அந்தக் கைபேசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து வைத்தவரே அவர்தான். அதை எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

அவர் எடுத்தது பக்கத்தில் நின்றிருந்த நிர்வாக இயக்குநர் சைலோசியின் கைபேசியை. கேட்கவில்லை, கொள்ளவில்லை, பூப்போட்ட சட்டையின் பைக்குள் நேரே கையை விட்டு உருவினார். மண்டபம் கைதட்டிச் சிரித்தது. ஏனென்றால் இருவரும் தௌவு.

ஆதியில் ஒரே தெய்வத்தின் கால்வழியில் பிறந்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. வாய்க்கு வந்தபடி வையலாம். ஒருவன் கையிலிருப்பதை மற்றவன் பிடுங்கிக்கொள்ளலாம். இழவு வீட்டில் பிணத்தையே கேலி செய்யலாம். கோபித்துக்கொள்ள மட்டும் யாருக்கும் உரிமை கிடையாது. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர். சைலோசிக்கு மலையடிவாரத்து ஆற்றூர். வெரெனிக்கிக்குக் கடல்நடுவே ஒரு தீவு. ஆகவே அவர் விலாங்கு, இவர் ஆமை. பதினெட்டு வருடமாக ஆபீஸின் மூன்றாம் மாடியில் இந்த இரண்டும்தான் பெயர்கள்.

உருவிய கைபேசியைத் திரைக்குப் போகும் கம்பியில் மாட்டினார். திரை பூராவும் சைலோசியின் கைபேசி முகம் விரிந்தது. மேல்மூலையில் சிக்னல் கோடு நான்கும் நிறைந்து நின்றன. பக்கத்தில் பெயர்: லாலி. போட்டிக் கம்பெனியின் பெயர்.

இதுவும் கேலியில் சேர்த்திதான் என்று முதலில் சிரித்தார்கள். பிறகு மந்திரி மெல்லத் திரும்பித் தன் செயலாளரைப் பார்த்தார். சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. முன்வரிசையில் முதலில், கடைசி வரிசையில் கடைசியாக.

சைலோசிதான் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாத்தீங்களா ஜனங்களே! இந்த ஆமை கட்டின டவரை நம்பி நான் பொழப்பு நடத்த முடியுமா? அதான் எதிரி வீட்டுக் கிணத்துல தண்ணி மொள்றேன்!"

மண்டபம் மறுபடி சிரித்தது. ஒத்திகைக் கைபேசி வந்தது, பிள்ளைகள் கையசைத்தார்கள், மந்திரியும் கையசைத்தார். கோழி வறுவல் தீரும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

உள்ளே இருந்த சங்கதி இது. போன வருடப் புயலில் டோமோ நெட்வொர்க் இரண்டு நாள் படுத்துவிட்டது. கம்பெனியின் பெரிய அதிகாரிகள் ஐந்து பேரும் கையில் டோமோ கைபேசியை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லாமல், விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிக் காரோட்டிப்போய் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார்கள். அதன்பிறகு ஐவரும் லாலியின் சிம் ஒன்றையும் சத்தமில்லாமல் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. ஏற்பாட்டைக் குறிப்பெழுதி அனுப்பியவர் வெரெனிக்கி. விழா மண்டபத்தில் மேடைக்கு மட்டும் தனியாக ஓர் ஆன்டெனா வைத்திருந்தார்கள்; வாசலில் டோமோவுக்கு ஒரு கோடுகூட வரவில்லை என்று சைலோசி லாலிக்கு மாற்றியிருந்தார். வாசலில் ஏன் வரவில்லை என்று கேட்டால், அதற்கும் பதில் சொல்லவேண்டியவர் நெட்வொர்க் பிரிவின் தலைவர்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் வண்டி வெரெனிக்கி வீட்டு வாசலில் வந்து நின்றது.

விழா முடிந்த ஆறாம் நாள் சிட்னியிலிருந்து, கம்பெனியின் சொந்தக்காரர்களிடமிருந்து, ஒரு கடிதம் எல்லோருக்கும் வந்தது. உயர்மட்டப் பொறுப்புகளை மறுபார்வை செய்கிறார்களாம். வெரெனிக்கியின் ஒப்பந்தம் ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முந்தைய தடவைகளில் இரண்டு மாதத்துக்கு முன்பே அவர் மேசைமேல் காகிதம் வந்து உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு பேனாவும். இந்தத் தடவை மே போயிற்று, ஜூன் போயிற்று. மேசைமேல் பேனா மட்டும் இருந்தது. அதுவும் அவருடையதே.

பயமாக இருக்க வேண்டும், அல்லது கோபமாவது வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பியவன் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பானே, அப்படி அவ்வப்போது தன்னைத் தட்டிப் பார்ப்பார். இருக்கிறது, ஆனால் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. சிட்னியிலிருந்து பிரெண்டன் என்ற ஆலோசகர் வாரம் இரண்டுமுறை திரையில் தோன்றினார். முப்பத்தைந்து வயதிருக்கும், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முகம்.

"வெரெனிக்கி, உங்க அனுபவத்தை நாங்க ரொம்ப ரொம்ப மதிக்கிறோம்."

"சந்தோஷம். மதிச்சு?"

"அதையெல்லாம் எப்படி எழுதி வாங்கி வைக்கலாம்னு பாக்கறோம்."

படுத்திருக்கும் கிழவியிடம் ஊறுகாய்ப் பக்குவம் கேட்கிற பாவனையில் கேட்டார். டோமோவின் இருநூற்றுப் பதினான்கு டவர்களும் எந்தெந்த நிலத்தில் நிற்கின்றன, யார் அனுமதி கொடுத்தார்கள், டீசல் எப்படிப் போகிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். எதற்கென்று வெரெனிக்கி கேட்கவில்லை. கேட்கிற நரம்பும் மரத்துத்தான் போயிருந்தது. பட்டியல் போட உட்கார்ந்தபோது டவர், நிலம், அனுமதி, டீசல் என்ற நான்கு கட்டங்கள் அவருக்குப் போதவில்லை. ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார்: யாரைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் எழுதினார்: 'தலைவரின் தம்பியை முதலில் பார்க்கவும், இல்லாவிட்டால் முகம் சுளிப்பார்.' 'படகு காலையில் மட்டும்.' 'வாசலில் நாய் இருக்கும், குரைக்கும், கடிக்காது.' 'இந்த அம்மாளின் மகன் டவர் ஏறும்போது கால் ஒடிந்தவன். நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்க வேண்டாம்.'

பிரெண்டன் படித்துவிட்டு, அருமை என்றார். பிறகு ஐந்தாவது கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார். வெரெனிக்கி எடுத்துவிட்டு அனுப்பினார்.

ஜூலை இரண்டாம் வாரம் சாலமன் தீவுகளிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பசிபிக் முழுவதற்கும் தொலைபேசி உத்தியோகத்தில் பெரிய ஆட்கள் மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள், நாற்காலி முப்பத்தெட்டு. ஆப்பியாவில் எழுந்தவர் போர்ட் மோர்ஸ்பியில் உட்காருவார், அங்கே எழுந்தவர் சுவாவுக்கு வருவார், மீதி இருவர் ஆக்லாந்தில் 'ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சாலமன் தலைநகர் ஹோனியாராவில் இப்போது ஒரு நாற்காலி காலி. இப்போதைய பதவியைவிட இரண்டு படி கீழே, இரண்டு வருடம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சரி, இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் காத்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு ஆலோசகர்களும் அட்டையோடு நிற்கிறார்கள்.

இதைவிட நல்ல நாற்காலி ஒன்று ஏப்ரலிலேயே வந்தது, ஆப்பியாவில். அப்போது சைலோசியிடம் போய்க் கேட்டார். "போய்த் தொலைடா," என்றார் சைலோசி. "நீ போயிட்டா நான் காலையில எழுந்து யாரைத் திட்டறது? என் பசங்களையா? அவனுங்க திருப்பித் திட்டறானுங்க." வெரெனிக்கிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆப்பியாவுக்கு மாட்டேன் என்று எழுதிவிட்டார். தௌவு திட்டினால் பிரியம் என்றுதான் அவர் ஊரில் கணக்கு.

இப்போது திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். டோமோவில் வேலை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஹோனியாரா வேண்டாம். இல்லையென்றால் ஹோனியாராவை விட்டால் வேறு கதி கிடையாது. ஐம்பத்து நாலு வயதில் நாற்காலி தேடி வருவது பெரும்புயல் மாதிரி, எப்போதோ ஒருமுறைதான்.

வியாழக்கிழமை மனிதவளப் பிரிவின் ஷாலேஷ்னியிடம் போனார். பதினைந்து வருடமாக அவருக்குத் தங்கை மாதிரி.

"ஷாலு, ஒரு வார்த்தை. ஜூலைக்கு அப்புறம் நான் இருக்கேனா இல்லையா?"

ஷாலேஷ்னி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தினால் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தார்.

"இன்னும் எதுவும் முடிவாகல அண்ணா. ஆனா முடிவாகலன்னு நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"முடிவாகலங்கறதாவது நிச்சயமா?"

"அதுவும் சிட்னிதான் சொல்லணும்."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அண்ணா, தெரியும்னாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும். தெரியலன்னாலும் அதையேதான் சொல்லணும். என்னை ஏன் வதைக்கறீங்க? சாப்டீங்களா?"

சாப்பிடவில்லை என்றார். அவள் தன் பையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள், உருளைக்கிழங்கு மசாலா உள்ளே வைத்து. வழக்கமாக ஒன்று கொடுப்பாள். அன்று இரண்டு கொடுத்தாள். படிக்கட்டில் நின்று இரண்டையும் தின்றார். எத்தனையாவது வாயில் ருசி தெரியும் என்று பார்த்துக்கொண்டே தின்றார். பொட்டலம்தான் தீர்ந்தது.

அங்கிருந்து நேராக சைலோசியின் அறைக்குப் போனார்.

"கதவைத் தட்டிட்டு வரணும்டா ஆமை," என்றார் சைலோசி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல். "உங்க தீவுல கதவு கண்டுபிடிச்சிட்டாங்களா இல்லையா?"

"விலாங்கு, நெஜமா கேக்கறேன். எனக்கு வேலை இருக்கா?"

"வேலையா? இருபத்தாறு வருஷமா நீ வேலை பாத்தியா? மெதுவா பேசுடா, வெளிய கேட்டா சிரிப்பாங்க."

"ஹோனியாராவுக்குத் திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"ஹோனியாராவா! அங்க முதலை இருக்குடா. உன்னைப் பாத்ததும் ஒரே வாய். அப்புறம் ஓடு செரிக்காம அதுவும் செத்துப்போகும். பாவம், முதலை."

"சைலோ..."

"மண்டையைப் பாரு, உரிக்காத தேங்கா மாதிரி. போடா, போய் ஒரு டவரைத் தூக்கி நிறுத்து."

சொல்லிக்கொண்டே சைலோசி சிரித்தார். வெரெனிக்கியும் சிரித்தார், சிரிக்காமல் இருக்க முறை இல்லை. அவர் வெளியே வந்தபோது சைலோசியின் சிரிப்புச் சத்தம் கதவுக்குப் பின்னால் தேவைக்கு மேல் ஒரு கணம் நீண்டது. அதை அவர் கவனித்தார், ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டில் மெரெயோனி தேங்காய்ப்பாலில் மீனைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நபுவா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. கேள்விக்கு விடை ஒரு வரியில் வந்தால்தான் அவளிடம் மதிப்பெண்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான் உன் தௌவு?"

"என் மண்டை தேங்கா மாதிரி இருக்காம்."

"அது நம்ம கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும். வேலை?"

"அதைச் சொல்லல."

மெரெயோனி சேப்பங்கிழங்கை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். "இத பாரு நிக்கி. நான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஹோனியாரா வர மாட்டேன். அதைச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் நீயே வேகவச்சு நீயே தின்னணும். வேலை இங்க இருந்தா அந்தக் கஷ்டம் எதுக்கு? இல்லன்னா இங்க உக்காந்து யார் மூஞ்சியைப் பாக்கப்போற?"

"அந்த போன் விஷயந்தான்," என்றார் வெரெனிக்கி. "மந்திரி முன்னாடி அவன் மானத்தை வாங்கிட்டேன். வெளிய சிரிக்கிறான். உள்ள வச்சிருக்கான். அதான் பேச மாட்டேங்கறான்."

"தௌவு கோவப்படக் கூடாதே?"

"அதான் சொல்றேன். கோவம்னு சொல்லவும் முடியாது அவனுக்கு. நான்தான் போகணும். யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிக்கிட்டுப் போய், பாயில உக்காந்து, முறையா மன்னிப்புக் கேக்கப்போறேன்."

மெரெயோனி கரண்டியைக் கீழே வைத்தாள். "தௌவுகிட்டயா? மன்னிப்பா?"

"ஆமா."

"நிக்கி, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? உங்க ஊர்ல தெரிஞ்சா கோயில் வாசல்ல வச்சுச் சிரிப்பாங்க. தௌவுகிட்ட மன்னிப்புக் கேக்கறது, நீ எனக்குத் தௌவு இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுடா. ஆயிரம் வருஷத்து உறவு."

"வேர்மேல கை வச்சிட்டான்னா அப்புறம் கேலி பேச முடியாது இல்ல?"

அது உண்மைதான். இடித்துக் கரைத்துச் சபையில் குடிக்கிற அந்த வேரை முறைப்படி முன்னே வைத்து, எதிரே இருப்பவர் அதன்மேல் கை வைத்து ஏற்றுக்கொண்டால், அதன்பின் அந்தப் பாயில் பேசுவதெல்லாம் மெய்யான பேச்சாக இருக்க வேண்டும். மீனைத் தின்று முடித்தார். நன்றாக இருந்ததா என்று மெரெயோனி கேட்டாள். இருந்தது என்றார். உப்புப் போட மறந்திருந்தது அவளுக்கு முதல் வாயிலேயே தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சந்தையில் வேர் வாங்கினார். விற்ற அம்மாள் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டே, "நிச்சயதார்த்தமா, இழவா?" என்று கேட்டாள். "ஆபீஸ்" என்றார். அவள் இன்னும் நல்லதாக நாலு வேர் சேர்த்துக் கட்டினாள்.

தமாவுவா மேட்டில் சைலோசியின் வீடு. மழை விட்டு வெயில் அடித்தது. சைலோசி இடுப்பில் சுலுவைக் கட்டிக்கொண்டு, முன்கூடத்தில் பாய்மேல் சாய்ந்து ரக்பி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வாடா ஆமை! கையில என்னடா? எனக்குக் கருமாதிக்குக் கொண்டுவந்தியா? நான் சாகறதுக்கு இன்னும் ஒரு பாதி ஆட்டம் பாக்கி இருக்குடா. உக்காரு. இதுக்குப் பேரு பாய். உங்க ஊர்ல மணல்லதானே உக்காருவீங்க?"

வெரெனிக்கி செருப்பைக் கழற்றினார். வாசலுக்கு அருகே, கீழ்க்கோடியில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தினார். கட்டை இரண்டு கையாலும் பாயின் நடுவே வைத்துவிட்டுக் குரலை இறக்கிப் பேசத் தொடங்கினார்.

"இந்த வீட்டுப் பெரியவங்களுக்கு, ஆத்தூர் மண்ணுக்கு என் வணக்கம். கொண்டுவந்தது கொஞ்சம். கொண்டுவந்தவன் சின்னவன். மே மாசம் எல்லார் முன்னாடியும் நான் செஞ்ச பிழை ஒண்ணு இருக்கு..."

"டேய்!" சைலோசி நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், டேய், நிறுத்துடா! என்னடா பண்ற? பக்கத்து வீட்டுக்காரன் பாத்தா என் மானம் போயிடும். தௌவுக்கு முன்னாடி தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கான் பாரு, மழையில நனைஞ்ச கோழி மாதிரி!"

"...அந்தப் பிழையை இந்தப் பாய்மேல வைக்கிறேன்," என்றார் வெரெனிக்கி.

"ஆமைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு! மெரெயோனிக்குப் போன் போடறேன் இரு. எந்தக் கம்பெனி சிம்ல போடட்டும்? உன்னுதா, லாலியா? உன்னுதுல போட்டா அடுத்த வாரந்தான் போகும்!"

இது நல்ல கேலி. வேறு நாளாக இருந்தால் வெரெனிக்கி விழுந்து சிரித்திருப்பார். அல்லது அதைவிட நல்லதாக ஒன்றை எடுத்து வீசியிருப்பார். இன்று தலையைத் தூக்கவில்லை. மரத்துப்போனதில் இப்படி ஒரு வசதி இருந்தது. எங்கே குத்தினாலும் குத்துகிறவன் கைதான் வலித்தது.

சைலோசி எழுந்து வந்தார். குனிந்து வெரெனிக்கியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினார். தன் கையில் கட்டிக்கொண்டு, தூக்கிக் காட்டினார். "என்னுது! இனிமே என்னுது! என்னடா பண்ணுவ?"

வெரெனிக்கி வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த சட்டையையும் கழட்டிடுவேன்டா."

சைலோசி சட்டைக் காலரைப் பிடித்தார், விட்டார்.

"பெண்டாட்டியோட சண்டையா? டாக்டர் ஏதாவது சொன்னானா? டேய், வாயைத் திறந்து ஒரு வசவு வைடா. விலாங்குன்னு ஒருதரம் சொல்லு."

வெரெனிக்கி கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளில் ஒரு பழைய விளம்பரம்; யாரோ பல்லைக் காட்டிக் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடி நின்றது. தொலைக்காட்சியில் கூட்டம் கத்தியது. சைலோசி அதை அணைத்தார். கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார், தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி. பிறகு மேல்கோடிக்குப் போகாமல், வெரெனிக்கிக்கு நேர் எதிரே, கட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சம்மணம் போட்டார்.

வெகுநேரம் வேரைத் தொடவில்லை. தொட்டபோது ஒரு விரல் மட்டும் வைத்தார். அப்புறம் முழுக்கையும் வைத்தார். உள்ளங்கைகளைக் குவித்து மூன்றுமுறை தட்டினார். அறை சின்னது, சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஏத்துக்கிட்டேன்," என்றார். அவர் குரல் அப்படி இருக்கும் என்று வெரெனிக்கிக்குத் தெரியாது. பதினெட்டு வருடத்தில் கேட்டதே இல்லை. "என்ன கேக்கணுமோ கேளு."

"எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

சைலோசி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்ல, வெரெனிக்கி," என்றார். "போனுக்காக இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. மார்ச்சிலேயே முடிவாயிடுச்சு. டவர் மொத்தத்தையும் விக்கிறாங்க. டவர் இல்லாத கம்பெனிக்கு டவர்காரன் எதுக்குன்னு சிட்னியில கேட்டாங்க. நான் அங்கதான் உக்காந்திருந்தேன், வாயைத் திறக்கல. காகிதத்துல கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஏப்ரல்ல நீ வந்து கேட்டப்பவே எனக்குத் தெரியும். திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காத. இன்னிக்கே ஹோனியாராவுக்கு வர்றேன்னு சொல்லிடு."